லிம் சூ காங்கிலிருந்து தமிழ் ஆராதனைக்கு

சிங்கப்பூரில் லிம் சூ காங் பண்ணையில் இருக்கிறேன், தமிழ் ஆராதனைக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். பண்ணைக்குப் பக்கத்திலேயே தேடுவதை விடுங்கள். 975 பேருந்தில் புக்கிட் பாஞ்சாங் வந்து டவுன்டவுன் ரயில் ஏறினால், மாறாமல் ரோச்சோர். அங்கிருந்து நடை தூரத்தில் இரண்டு இடங்கள். கத்தோலிக்கர் என்றால் ஓபிர் ரோடு லூர்து அன்னை ஆலயம். 1888இல் திறந்தது, தமிழ்த் திருப்பலி உண்டு. மெதடிஸ்ட் என்றால் ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சபை. ஊரில் சிஎஸ்ஐயா (தென்னிந்தியத் திருச்சபை)? அப்படியானால் டோர்செட் ரோடு கிறிஸ்து ஆலயம் உங்களுக்குப் பழகிய மாதிரி இருக்கும். அது ஃபேரர் பார்க் பக்கம்.

பண்ணையைச் சுற்றி மேப்பில் ஒன்றுமே காட்டவில்லை என்கிறீர்கள். காட்டாது, அங்கே பண்ணை, இடுகாடு, ராணுவ நிலம்தான். அப்புறம், ‘தமிழ் சர்ச்’ என்று தேடினால் பல சிக்காது. ஆங்கிலச் சபையின் கட்டடத்திலேயே வேறு நேரத்தில் தமிழ் ஆராதனை நடக்கும், வாசல் பலகையில் தமிழ் இருக்காது. சுவா சூ காங், புக்கிட் பாஞ்சாங் சபைகளின் ஆராதனை நேரப் பட்டியலைத் திறந்து ‘தமிழ்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ரயிலே வேண்டாம்.

ஒன்று மட்டும்: 975 அடிக்கடி வராது, ஒன்றை விட்டால் வெயிலில் நிற்க வேண்டியதுதான். ஆராதனை நேரமும் மாறும். கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.