கூடைப்பந்தில் 35 வயதைத் தாண்டிய பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) டிஃபென்ஸில் உதவியா, பாரமா? எதை வைத்துச் சொல்வது?

கேள்வியின் கீழே கேட்டவர் ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார்: "ஆட்டத்துக்கு ஒன்றரை ஸ்டீல் எடுக்கிறவரைப் போய் டிஃபென்ஸ் போச்சு என்கிறார்களே, எப்படி?"

அந்த ஒன்றரை ஸ்டீலை முதலில் ஓரமாக வையுங்கள். ஸ்டீல், அதாவது எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது கை வேலை, எதிரியின் முன்னால் நிற்பது கால் வேலை. வயசு முதலில் காலில்தான் ஏறும். கையும் கண்ணும் கடைசிவரை கூட வரும். அதனால் கால் போன பிறகும் சில வருஷம் ஸ்டீல் எண்ணிக்கை நன்றாகவே இருக்கும், நாமும் ஏமாந்துகொண்டிருப்போம்.

கிறிஸ் பாலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் ஆறு சீசன் ஸ்டீலில் முதலிடம். தொடர்ந்து 108 ஆட்டங்களில் குறைந்தது ஒரு ஸ்டீல். சீசனின் சிறந்த டிஃபென்டர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல் டிஃபென்சிவ் அணியில் ஒன்பது முறை பெயர். அந்த ஒன்பதில் கடைசி 2017, அப்போது அவருக்கு 32 வயது. அதற்குப் பிறகும் பல வருஷம் ஆடினார், பந்தையும் பறித்தார், ஆனால் அந்தப் பட்டியலுக்குள் திரும்ப வரவில்லை. கை மறக்கவில்லை, கால்தான் முன்போல் ஒத்துழைக்கவில்லை.

ஸ்டீலில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பாய்ந்து பறிக்கப் பார்த்துத் தவறினால், மீதி நாலு பேர் ஐந்து பேரைச் சமாளிக்க வேண்டும். அந்தக் கூடை யார் கணக்கில் ஏறும்? ரிங்குக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற பாவப்பட்ட சென்டர் கணக்கில். பாய்ந்தவர் பெயருக்கு எதிரே ஒன்றும் இருக்காது. அடுத்த முறை அதே பாய்ச்சல் பலித்தால் மட்டும் "1 ஸ்டீல்" என்று விழும். வரவை மட்டும் எழுதி, செலவை எழுதாத கணக்குப் புத்தகம் மாதிரி.

அப்படியானால் எதைப் பார்ப்பது? என் வழக்கம் இது. ஒரு ஆட்டத்தின் நாலாவது குவார்ட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு, பந்தைப் பார்க்காமல் அந்த ஒரு ஆளின் இடுப்புக்குக் கீழே மட்டும் பார்ப்பேன். அவர் தடுக்கும் பத்துப் பதினைந்து முறை போதும். முக்கியமாக ஸ்கிரீன் வரும் நேரம். எதிரணியின் பெரிய ஆள் ஒருவர் வந்து சுவர் மாதிரி நிற்பார். பந்து வைத்திருப்பவர் அந்தச் சுவரை உரசிக்கொண்டு போவார். இளம் கார்டு அதில் மோதினாலும் அடுத்த இரண்டு எட்டில் பிடித்துவிடுவார். வயதானவர் மோதினால் அந்த முறை அவ்வளவுதான், அங்கேயே ஒட்டிக்கொள்வார். ஆகவே விவரமானவர் மோதவே மாட்டார். ஸ்கிரீன் வந்து நிற்பதற்கு அரை நொடி முன்பே உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முன்காலைச் சந்தில் நுழைத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள பகுதியை எதிரியின் இடுப்பில் வைத்துவிடுவார். நடுவர் ஊத முடியாத அளவுக்கு ஒரு அழுத்தம். எதிரி ஒரு அடி அகலமாகச் சுற்ற வேண்டிவரும். அந்த ஒரு அடிக்குள் பின்னால் இருக்கும் சென்டர் வந்து நின்றுவிடுவார். இது நடக்கிறதா இல்லையா என்று பாருங்கள். நடந்தால் ஆளுக்கு இன்னும் டிஃபென்ஸ் இருக்கிறது. நடக்காமல், ஒவ்வொரு முறையும் ஸ்கிரீனுக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டிக்கொண்டு வந்தால், ஸ்டீல் எத்தனை இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்தது ப்ளேஆஃப், சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் தொடர்கள். சீசன் முழுக்க ஒரு பலவீனமான டிஃபென்டரை ஒளித்து வைக்கலாம். மூலையில் நின்று மூன்று புள்ளி மட்டும் அடிக்கும் ஆளிடம் அவரை நிறுத்திவிட்டால் போதும். ஏழு ஆட்டத் தொடரில் அந்தச் சலுகை கிடையாது. எதிரணி கோச், மூலையில் நிற்பவரையே ஸ்கிரீன் போட வரச் சொல்வார். ஸ்விட்ச் ஆனால், அதாவது தடுப்பவர்கள் ஆளை மாற்றிக்கொண்டால், உங்கள் வயதான கார்டு எதிரணி நட்சத்திரத்தின் முன்னால் தனியாக நிற்பார். "வேட்டை" என்று சொல்வது இதைத்தான்.

2022இல் ஃபீனிக்ஸ், டல்லாஸ் தொடர் இதற்கு நல்ல பாடம், அதுவும் இரண்டு பக்கமும் வேட்டையாடிய தொடர். இரண்டாவது ஆட்டத்தில் டல்லாஸின் லூக்கா டான்சிச்சைத் தேடித் தேடி இழுத்து, ஃபீனிக்ஸின் கிறிஸ் பால் நாலாவது குவார்ட்டரில் மட்டும் 14 புள்ளி எடுத்தார். ஆக, வேட்டைக்கு வயசு மட்டும் காரணமில்லை, டான்சிச்சுக்கு அப்போது 23. ஆனால் தொடர் நீள நீள டல்லாஸும் அதே மருந்தைத் திருப்பிக் கொடுத்தது. 37 வயது முடிந்திருந்த ஆறடிக்காரர் பால், ஆறடி ஏழு அங்குலத்துக்காரர் டான்சிச் முன்னால் நின்று என்ன செய்வார்? ஏழாவது ஆட்டத்தின் இடைவேளையில் ஃபீனிக்ஸ் மொத்தமும் 27, டான்சிச் ஒருவரே 27. ஃபீனிக்ஸ் தோற்றது. அந்தத் தோல்விக்குப் பால் ஒருவரைக் காரணம் காட்டுவது அநியாயம், அன்று அந்த அணியில் யாருக்குமே எதுவும் சரியாக அமையவில்லை. ஆனால் ஒளித்து வைக்க இடமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அந்தத் தொடரைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான கதை ஜேசன் கிட். அவர் கடைசியாக ஆல் டிஃபென்சிவ் அணியில் வந்தது 2007இல். அதற்கு நாலு வருஷம் கழித்து, 38 வயதில், 2011 இறுதித் தொடரில் டல்லாஸுக்காக மயாமிக்கு எதிராக ஆடினார். டல்லாஸ் 4-2 என்று கோப்பையை எடுத்தது, மயாமியின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸின் சராசரி அந்தத் தொடரில் 17.8 புள்ளிதான். லெப்ரானைப் பெரும்பாலும் கவனித்தது ஷான் மேரியன், கிட் இல்லை. ஆனால் ஸ்விட்ச் ஆகி கிட் அவர் முன்னால் வந்து நின்ற நேரங்களில் டல்லாஸ் பதறவில்லை, அவசரமாக இன்னொரு ஆளை அனுப்பவில்லை. காரணம் எளிது: கிட் ஆறடி நாலு அங்குலம், கட்டை மாதிரி உடம்பு. உயரத்துக்கு வயசாகாது. கூடவே டல்லாஸ் நிறைய ஜோன் ஆடியது, அதாவது ஆளைக் காக்காமல் அவரவர் இடத்தைக் காப்பது. ஜோனில் பக்கவாட்டு ஓட்டம் குறைவு, யார் எங்கே வருவார் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் முக்கியம். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஆகவே "வயதான பாயிண்ட் கார்டு" என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஆறடிக்காரருக்கு 35 வேறு, ஆறடி நாலுக்கு 35 வேறு. ஜ்ரூ ஹாலிடேக்கு 34 முடிந்தது 2024 இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம் நடந்த அன்று. பாஸ்டன் அந்த வருஷம் பல ஆட்டங்களில் அவரை எதிரணியின் பெரிய ஆட்களுக்கே காவலாக நிறுத்தியது. கார்டு என்ற பெயரில் ஆடி, சென்டரோடு தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

இனி புள்ளிவிவரம். "அவர் களத்தில் இருக்கும்போது அணி இவ்வளவு புள்ளி விட்டது" என்ற எண்ணை நிறையப் பேர் கொண்டுவந்து நீட்டுவார்கள். அது ஐந்து பேரின் எண். மைக் கான்லி 36 வயதில் மினசோட்டாவின் முதல் ஐவரில் ஆடிய 2023-24 சீசனில், லீகிலேயே சிறந்த டிஃபென்ஸ் அந்த அணிதான். கான்லியால்தானா? அவருக்குப் பின்னால் நின்றது ரூடி கோபேர், அந்த வருஷம் நாலாவது முறையாக டிஃபென்ஸ் விருது வாங்கியவர். எதிரணியின் ஆபத்தான கார்டைப் பெரும்பாலும் ஜேடன் மெக்டேனியல்ஸ் எடுத்துக்கொள்வார். கான்லிக்கு மிச்சம் மீதி. இந்த எண்ணைக் கான்லிக்குக் கொடுத்தால் கோபேர் சிரிப்பார். சராசரிப் பார்வையாளர் மறக்கும் இன்னொன்று, எதிரணியின் மூன்று புள்ளிச் சதவீதம். திறந்த இடத்திலிருந்து அவர்கள் அடித்தது விழுந்ததா, தவறியதா என்பது பெரும்பாலும் அன்றைய அதிர்ஷ்டம். ஒரு மாத எண்ணை அது தலைகீழாக்கிவிடும். இருபது ஆட்ட எண்ணை வைத்துக்கொண்டு சண்டைக்கு வருபவர்களிடம் நான் பேசுவதே இல்லை.

ஆனாலும் கான்லி அந்த டிஃபென்ஸுக்குக் கொடுத்தது ஒன்று உண்டு, அது டிஃபென்ஸ் பக்கத்திலேயே எழுதப்படுவதில்லை. பந்தைத் தொலைக்காதது. ஆடிக்கொண்டிருக்கும்போதே பந்தைப் பறிகொடுத்தால் எதிரணி ஆளில்லாத களத்தில் ஓடிப்போய்ப் போட்டுவிடும். கூடைப்பந்தில் அதைவிட மலிவான புள்ளி கிடையாது. எவ்வளவு நல்ல சென்டர் இருந்தாலும் அவர் திரும்பி வருவதற்குள் முடிந்துவிடும். பந்தைப் பத்திரமாக வைத்திருக்கும் பாயிண்ட் கார்டு, எதிரணியை ஒவ்வொரு முறையும் நடந்து வரவைத்து, ஐந்து பேர் நிற்கும் சுவரைத் தாண்டச் சொல்கிறார். இது டிஃபென்ஸ் இல்லாமல் வேறென்ன? கிறிஸ் பாலின் பிந்தைய வருஷங்களின் மதிப்பிலும் பெரிய பங்கு இதுதான் என்பது என் எண்ணம். 2024 ப்ளேஆஃபில் டென்வருக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் கான்லி கால் வலியால் ஆடவில்லை, மினசோட்டா தோற்றது. ஆறாவதில் திரும்பினார், டென்வர் 70 புள்ளியில் சுருண்டது. ஒரு ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, மேலே நானே அதைத்தான் சொன்னேன். இருந்தும் நினைவில் நிற்கிறது.

வாய் வேலையும் உண்டு. டிவியில் கேட்காது. களத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும்: "ஸ்கிரீன் இடப்பக்கம்", "விடு, நான் பிடிச்சுக்கிறேன்", "மூலை, மூலை!" இதை எண்ணுவதற்கு ஒரு கேமராவும் இல்லை.

நானும் பாயிண்ட் கார்டாக ஆடியவன், சின்ன அளவில்தான். இப்போது நாற்பதைத் தாண்டி, வாரக் கடைசியில் பாதி வயசுப் பையன்களோடு ஆடுகிறேன். போன மாதம் ஒரு பையன் என்னை முதல் மூன்று முறையும் வலப்பக்கமாகவே தாண்டிப் போனான். நாலாவது முறைக்கு முன் கவனித்தேன்: போவதற்குச் சற்று முன் பந்தை ஒருமுறை தாழ்வாகத் தட்டுகிறான். அதைப் பார்த்ததும் அவன் நகர்வதற்கு முன்பே நான் வலப்பக்கம் போய் நின்றுவிட்டேன். வந்து நெஞ்சில் மோதினான், ஊதினார்கள், பந்து எங்களுக்கு. "அண்ணா, எப்படித் தெரிஞ்சுது?" என்றான். சொல்லவில்லை, இன்னும் நாலு வாரமாவது அதை வைத்து ஓட்டலாம் என்று பார்த்தேன். அடுத்த வாரமே அவன் இடப்பக்கம் போகக் கற்றுக்கொண்டு வந்துவிட்டான், அது வேறு விஷயம்.

இதில் தெரிவது, அந்த அறிவுக்கும் அடியில் கொஞ்சமாவது கால் வேண்டும். போகப்போகும் இடம் தெரிந்தும் அங்கே போய்ச் சேர முடியாவிட்டால் பிரயோஜனமில்லை. என்னை மூன்று முறை தாண்டியதும் உண்மைதானே.

உங்கள் மனதில் இருக்கும் அந்த ஆளைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி: ஐந்து புள்ளி வித்தியாசத்தில், கடைசி மூன்று நிமிடத்தில், எதிரணியிடம் பந்து இருக்கும்போது கோச் அவரைக் களத்தில் விட்டுவைக்கிறாரா, இல்லை டிஃபென்ஸுக்கு ஒரு முறை, அட்டாக்குக்கு ஒரு முறை என்று மாற்றி மாற்றி அனுப்புகிறாரா? தினமும் பயிற்சியில் பார்க்கிற ஆள் அவர். நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். மாற்றி அனுப்புகிறார் என்றால், ஒன்றரை ஸ்டீலைப் பற்றி என்னிடம் கேட்பதைவிட அந்தக் கோச்சிடம் கேட்பது நல்லது.