அறுபது பேருக்கு என்ன ஆனது?

கேள்வி: 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' வீடியோ கேம் விளையாட ஆரம்பித்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒன்றுமே பிடிபடவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள்! லூகாஸ் போப் 2018-ல் வெளியிட்ட இதில் நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு அதிகாரி. 1807-ல் ஆளில்லாமல் திரும்பிய கப்பலில் இருந்த 60 பேரின் கதியையும் கண்டுபிடிக்க வேண்டும். அவசரமே வேண்டாம், இறந்தவர்களின் கடைசிக் கணத்தைக் காட்டும் காட்சிகளில் ஓரத்தில் நிற்பவர்களையும் கவனியுங்கள். மாலுமிகள் தூங்கும் தூளிகளில் எண் தொங்கும், அதைப் பெயர்ப்பட்டியலோடு ஒப்பிட்டு, போர்வைக்கு வெளியே நீட்டிய காலை வைத்தே ஒருவரை அடையாளம் கண்டபோது ராத்திரி இரண்டு மணி, நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். மூன்று பேரைச் சரியாகச் சொன்னால்தான் விளையாட்டு உறுதி செய்யும், குத்துமதிப்பாக அடிப்பது பலிக்காது. அப்புறம், விடை சொல்லும் வீடியோக்கள் பக்கமே போகாதீர்கள்.