சிறு தொழிலுக்குப் பிராண்ட் உத்தியை எங்கிருந்து தொடங்குவது? பெயரா, லோகோவா?

இரண்டும் இல்லை. முதலில், ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவர்களில் 10, 15 பேரிடம் பேசுங்கள். "எங்களைப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், முகத்துக்கு நேரே 'இல்லை' என்று யாரும் சொல்லமாட்டார்கள். "எங்களிடம் வருமுன் வேறு எதைப் பார்த்தீர்கள், ஏன் அதை விட்டீர்கள்?" என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொற்களிலேயே எழுதி வையுங்கள்.

அதிலிருந்து ஒரே வாக்கியம் எழுதுங்கள்: யாருக்கு, எந்தச் சிக்கலுக்கு, மற்றவர்கள் தராத எதைத் தருகிறோம், அதற்கு என்ன ஆதாரம். எழுதியதும் உங்கள் பெயரை எடுத்துவிட்டுப் போட்டியாளர் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் பொருந்தினால் கிழித்துப் போடுங்கள். 'தரம்', 'நம்பிக்கை', 'சிறந்த சேவை' எல்லாம் இங்கேயே விழுந்துவிடும். '24 மணி நேரத்தில் பழுது நீக்குவோம், தாமதித்தால் கட்டணம் இல்லை' என்பது நிற்கும். ஆனால் அதற்கு ஆளும் உதிரிபாகமும் தயாராக இருக்க வேண்டும். உத்தி சறுக்குவது பெரும்பாலும் விளம்பரத்தில் அல்ல, இந்த இடத்தில்தான்: சந்தைப்படுத்துபவர் வாக்குக் கொடுப்பார், பட்டறைக்குத் தெரியாது.

பெயர், நிறம், எழுத்துரு எல்லாம் இதற்குப் பிறகு. பெயரை அச்சடிக்குமுன் வணிகமுத்திரைப் பதிவேட்டில் தேடுங்கள். வணிகமுத்திரைப் பதிவுக்காகப் பொருட்களையும் சேவைகளையும் பிரிக்கும் பன்னாட்டு முறையான நீஸ் வகைப்பாட்டில் 45 வகுப்புகள் உண்டு; 1 முதல் 34 வரை பொருட்கள், மீதி சேவைகள். உங்கள் வகுப்போடு அதை ஒட்டிய வகுப்புகளையும், ஒலியில் நெருங்கிய பெயர்களையும் பாருங்கள்.

மாத விற்பனையை மட்டும் வைத்து உத்தியை எடைபோட வேண்டாம். தள்ளுபடி போட்டாலே அது ஏறிவிடும். இணையத்தில் உங்கள் பெயரையே தட்டச்சிட்டுத் தேடுவோர் எண்ணிக்கை, மீண்டும் வாங்குவோர் விகிதம், மொத்த விற்பனையில் தள்ளுபடி இல்லாமல் விற்ற பங்கு ஆகிய மூன்றையும் காலாண்டுக்கு ஒருமுறை குறித்து வாருங்கள்.