ஒலி வழங்கியைக் கட்டளை வரியிலிருந்து ஆள்வது: பர்மாத் தமிழ் அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒலி வழங்கி என்பது நிரல்கள் எழுப்பும் ஒலியை வாங்கி, ஸ்பீக்கர் போன்ற சாதனங்களுக்குப் பங்கிட்டு அனுப்பும் மென்பொருள். யாங்கோன், பெகு, தட்டோன், மோல்மேன் ஆகிய ஊர்களில் கோயில் ஒலிபரப்புக்கும் தமிழ் வகுப்புக்கும் பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்துவோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் தந்திருக்கிறேன். முனையத்தில் (கட்டளையைத் தட்டச்சிடும் சாளரத்தில்) இடும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சிறுகோடு இருக்கும் இடத்தில் சிறுகோட்டுடன் இட வேண்டும். பிஏசிடிஎல், டபிள்யூபிசிடிஎல் போன்றவை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டியவை.

கேள்வி (பெகு): என் கணினியில் இருப்பது பல்ஸ்ஆடியோவா, பைப்வயரா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கணினியையே கேளுங்கள். "பிஏசிடிஎல் இன்ஃபோ" என்று இட்டால் வரும் விவரங்களில் சர்வர் நேம் என்று ஒரு வரி இருக்கும். அதில் பல்ஸ்ஆடியோ என்று மட்டும் இருந்தால் பழைய வழங்கி. "பல்ஸ்ஆடியோ (ஆன் பைப்வயர்)" என்று பதிப்பு எண்ணுடன் இருந்தால் உள்ளே ஓடுவது பைப்வயர், பல்ஸ்ஆடியோவின் மொழியை அது பேசிக்காட்டுகிறது என்று பொருள். லெனார்ட் போட்டெரிங் 2004இல் பாலிப்ஆடியோ என்ற பெயரில் தொடங்கியதே 2006இல் பல்ஸ்ஆடியோ ஆயிற்று. விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர், 2021இல் ஃபெடோரா 34இலும் 2022இல் உபுண்டு 22.10இலும் இயல்பான ஒலி வழங்கியாக அமர்ந்தது. இரண்டுக்கும் அடியில், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலோடு சேர்ந்து ஒலி அட்டையை நேரடியாகத் தொடுவது ஆல்சா.

மூன்று சொற்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். ஒலி போய்ச் சேரும் இடம் சிங்க். ஒலி பிறக்கும் இடம், அதாவது மைக் போன்றது, சோர்ஸ். ஒரு நிரலிலிருந்து சிங்குக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வோர் ஓட்டமும் சிங்க்-இன்புட். எனக்கு வரும் பத்துக் கேள்விகளில் ஏழெட்டு, சத்தத்தின் அளவைப் பற்றியவை போலத் தோன்றினாலும், உண்மையில் ஒலி எந்த வழியில் போகிறது என்பதைப் பற்றியவையே.

கேள்வி (தட்டோன்): தம்பி, எங்கள் கோயில் அலுவலகத்தில் மின்சாரம் போய் வந்தால் பாட்டு ஆம்ப்ளிஃபயருக்குப் போகாமல் டிவிக்குப் போய்விடுகிறது. "பிஏசிடிஎல் செட்-டீஃபால்ட்-சிங்க் 1" என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் சரியாக இருக்கிறது, மறுநாள் இல்லை.

பதில்: ஐயா, அந்த 1 என்ற எண்தான் உங்களை ஏமாற்றுகிறது. வழங்கி ஒவ்வொரு முறை எழும்போதும், சாதனங்கள் கண்ணில் படும் வரிசையில் புதிதாக எண் இடுகிறது. மின்சாரம் திரும்பியபோது டிவி முந்திக்கொண்டால் எண் மாறிவிடும். பெயர் அப்படி மாறுவதில்லை. "பிஏசிடிஎல் லிஸ்ட் ஷார்ட் சிங்க்ஸ்" என்று கேட்டால், இரண்டாவது பத்தியில் ஆல்சா_அவுட்புட் என்று தொடங்கி அனலாக்-ஸ்டீரியோ என்று முடியும் நீண்ட பெயர் கிடைக்கும். அந்தப் பெயரை முழுதாகக் கட்டளையில் எண்ணுக்குப் பதிலாக வையுங்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல பழைய இன்டெல் கணினிகளில் டிவிக்குப் போகும் ஹெச்டிஎம்ஐயும் ஸ்பீக்கர் துளையும் ஒரே ஒலி அட்டையின் இரண்டு புரொஃபைல்களாக (மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்கும் அமைவுகளாக) இருக்கும். ஹெச்டிஎம்ஐ புரொஃபைல் செயலில் இருக்கும்போது அனலாக் சிங்க் பட்டியலிலேயே வராது. இல்லாத சிங்கின் பெயரைச் சொல்லி என்ன பயன்? அப்போது "பிஏசிடிஎல் லிஸ்ட் கார்ட்ஸ்" என்று பார்த்து, "பிஏசிடிஎல் செட்-கார்ட்-புரொஃபைல்" என்ற கட்டளையுடன் அட்டையின் பெயரையும், அவுட்புட்:அனலாக்-ஸ்டீரியோ என்ற புரொஃபைல் பெயரையும் கொடுக்க வேண்டும். டிவி தனி அட்டையில் இருந்தால், அந்த அட்டையின் புரொஃபைலை "ஆஃப்" என்று வைத்துவிட்டால் தொல்லை அதோடு தீர்ந்தது.

கேள்வி (யாங்கோன்): கோயில் கணினிக்குத் திரை இல்லை, வீட்டிலிருந்தோ அடுத்த அறையிலிருந்தோ எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து முனையத்தில் நுழையும் வழி) வழியாகத்தான் நுழைகிறேன். விடியற்காலையில் தானாகப் பக்திப் பாடல் ஒலிக்க, குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரானில் எழுதினேன், சத்தமே வரவில்லை. நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டு பிஏசிடிஎல் இட்டால் "கனெக்ஷன் ரிஃப்யூஸ்டு" என்கிறது. கையால் இட்டால் மட்டும் ஒலிக்கிறது.

பதில்: இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் மூன்று தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன.

முதலாவது, சூடோ. ஒலி வழங்கி கணினி முழுமைக்கும் பொதுவானது அன்று. உள்நுழைந்திருக்கும் பயனரின் பெயரில், அவருடைய அமர்வுக்குள் ஓடுவது. சூடோ போட்டவுடன் நீங்கள் ரூட், அதாவது நிர்வாகிப் பயனர், ஆகிவிடுகிறீர்கள். ரூட்டின் அமர்வில் வழங்கி எதுவும் இல்லை, ஆகவே மறுமொழி இல்லை. ஒலி வழங்கியிடம் பேசும் கட்டளைகளுக்குச் சூடோ வேண்டாம் என்பதை வழக்கமாகவே கொள்ளுங்கள்.

இரண்டாவது, கிரான். அது உங்கள் பெயரிலேயே ஓடினாலும், உங்கள் அமர்வின் சூழல் மாறிகளை எடுத்துக்கொண்டு போவதில்லை. வழங்கியின் வாசல் எங்கே என்பதைச் சொல்வது எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிர் என்ற மாறி (இது பெரிய எழுத்துகளில்). கிரான் கோப்பின் மேல் வரியில் அதற்கு /ரன்/யூசர்/1000 என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டால் வாசல் தெரிந்துவிடும். 1000 என்பது பெரும்பாலும் முதற்பயனரின் எண், உங்களுடையதை "ஐடி -யூ" என்ற கட்டளை சொல்லும். கிரானை விட்டுவிட்டு சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பயனர் டைமரைப் பயன்படுத்தினால் இந்த மாறி தானாகவே கிடைக்கும். நான் இப்போதெல்லாம் அதையே விரும்புகிறேன்.

மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மின்சாரம் வந்து கணினி எழுந்ததும் யாரும் உள்நுழையாவிட்டால் அமர்வே இல்லை. அமர்வு இல்லாவிட்டால் வழங்கியும் இல்லை. "லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்" என்று உங்கள் பயனர் பெயரோடு ஒருமுறை இட்டால், யாரும் நுழையாதபோதும் உங்கள் அமர்வின் சேவைகள் எழுந்து நிற்கும். அப்போதும் ஒலி அட்டையைத் தொட உரிமை கிடைக்காமல் போகலாம், ஏனெனில் அந்த உரிமையை அமைப்பு வழக்கமாகத் திரைக்கு முன்னால் அமர்ந்து நுழைந்தவருக்கே தருகிறது. ஆகையால் அந்தப் பயனரை "ஆடியோ" குழுவில் சேர்க்க வேண்டும். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் வீட்டுக் கணினியில் இப்படிச் சேர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே வேலைக்கென்று நிற்கும் கோயில் கணினிக்கு இது பொருத்தமே.

கிரானையும் லிங்கரையும் சரிசெய்த பிறகு பாட்டு ஒரு மணி நேரம் தாமதமாக ஒலித்தால் ஒலி வழங்கியைத் திட்ட வேண்டாம். நிறுவும்போது இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். நம்முடைய நேரம் உலக நேரத்துக்கு 6 மணி 30 நிமிடம் முந்தியது, இந்தியாவினுடையது 5 மணி 30 நிமிடம். "டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஜோன் ஏஷியா/யாங்கோன்" என்பது அதற்கு மருந்து; இதற்குச் சூடோ வேண்டும், இடப்பெயர்களின் முதலெழுத்துகளும் பெரிய எழுத்துகளாக இருக்க வேண்டும்.

கேள்வி (யாங்கோன், அதே அன்பர்): 50 சதவீதம் வைத்தால் பாதிச் சத்தம் தானே வர வேண்டும்? மிகவும் தாழ்ந்துவிடுகிறதே. 150 வரை ஏற்றலாமா?

பதில்: வழங்கி காட்டும் சதவீதம் நேர்கோட்டில் ஏறுவதன்று, காதின் இயல்புக்கு இணங்க முப்படி விகிதத்தில் அமைத்திருக்கிறார்கள். 50 சதவீதம் என்பது ஏறத்தாழ மைனஸ் 18 டெசிபல். அலையின் உயரத்தில் எட்டில் ஒன்று. 100க்கு மேல் ஏற்றுவது எண்களைப் பெருக்குவது மட்டுமே, அலையின் உச்சி வெட்டுப்பட்டு நாதஸ்வரம் கிழிந்த தகரம் போல ஒலிக்கும். கணினியில் 90 அல்லது 100 வைத்துவிட்டு, மீதியை ஆம்ப்ளிஃபயரின் குமிழில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறிது சிறிதாக ஏற்ற, "பிஏசிடிஎல் செட்-சிங்க்-வால்யூம் @டீஃபால்ட்_சிங்க்@ +5%" என்று எழுத வேண்டும். @ குறிகளுக்கு இடையில் உள்ளது பெரிய எழுத்துகளில். பைப்வயரின் சொந்தக் கருவியான டபிள்யூபிசிடிஎல்லில் கூட்டல் குறி பின்னால் வரும்: "டபிள்யூபிசிடிஎல் செட்-வால்யூம் -எல் 1.0 @டீஃபால்ட்_ஆடியோ_சிங்க்@ 5%+". இதில் உள்ள "-எல் 1.0" என்பது 100ஐத் தாண்டவிடாத வேலி. குறியையே மறந்து வெறும் 5% என்று இட்டால் இரண்டு கருவிகளும் அளவை 5 சதவீதத்துக்கு இறக்கிவிடும். தீமிதி நாளில் கூட்டத்தின் நடுவே எனக்கு நேர்ந்தது அதுதான்.

கேள்வி (மோல்மேன், தமிழ் வகுப்பு ஆசிரியை): இணைய வகுப்பில் பிள்ளைகளுக்குத் தேவாரம் ஒலிக்கவிட்டு நடுநடுவே நான் விளக்க வேண்டும். மைக் முன்னால் கைபேசியை வைத்துப் பாடவிடுகிறேன். தெளிவாக இல்லை என்கிறார்கள். வேறு வழி உண்டா, ஐயா?

பதில்: உண்டு, அக்கா. கற்பனைச் சிங்குகளை உண்டாக்கி ஒலியை அவற்றின் வழியே திருப்பிவிடலாம். "பிஏசிடிஎல் லோட்-மாட்யூல் மாட்யூல்-நல்-சிங்க் சிங்க்_நேம்=பாட்டு" என்று ஒன்று, சிங்க்_நேம்=வகுப்பு என்று இன்னொன்று. (பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள்.) நல் சிங்க் என்பது ஒலியை வாங்கி விழுங்கிவிடும் பாத்திரம், ஆனால் அதில் விழுவதைக் கேட்க மானிட்டர் என்ற சோர்ஸ் ஒன்று அதனுடனேயே பிறக்கிறது.

இனி மூன்று வாய்க்கால்களை வெட்ட வேண்டும். மூன்றுக்கும் கருவி ஒன்றே: மாட்யூல்-லூப்பேக். அதற்கு எந்தச் சோர்ஸிலிருந்து எந்தச் சிங்குக்கு என்று சொன்னால் போதும். முதலாவது, உங்கள் மைக்கிலிருந்து வகுப்புக்கு. இரண்டாவது, பாட்டு.மானிட்டரிலிருந்து வகுப்புக்கு. மூன்றாவது, பாட்டு.மானிட்டரிலிருந்து உங்கள் ஹெட்போனுக்கு, ஏனெனில் அது இல்லாவிட்டால் பிள்ளைகள் கேட்கும் பாட்டு உங்களுக்குக் கேட்காது. மைக் வாய்க்காலில் லேட்டன்ஸி_எம்செக்=50 என்று சேர்த்துக்கொண்டால் உங்கள் குரல் பின்தங்காது.

பாட்டு ஓடத் தொடங்கியதும் "பிஏசிடிஎல் லிஸ்ட் சிங்க்-இன்புட்ஸ்" என்று பார்த்து, பாடும் நிரலின் எண்ணைக் கண்டுபிடித்து, "பிஏசிடிஎல் மூவ்-சிங்க்-இன்புட்" கட்டளையில் அந்த எண்ணையும் பாட்டு என்ற சிங்கையும் கொடுங்கள். இங்கே எண்ணைத் தருவதில் குற்றமில்லை, ஓட்டம் நிற்கும்வரை அது மாறாது. வகுப்பு நடத்தும் நிரலில் மைக்காக வகுப்பு.மானிட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில பிரௌசர்கள் மானிட்டர்களைப் பட்டியலில் காட்டுவதில்லை; அப்போது மாட்யூல்-ரீமேப்-சோர்ஸ் கொண்டு, மாஸ்டர்=வகுப்பு.மானிட்டர் என்று கொடுத்து, அதற்கு மைக் வேடம் போட்டுவிடலாம். பிள்ளைகளின் குரலை நேரே ஹெட்போனுக்கே விடுங்கள். அது வகுப்பு என்ற பாத்திரத்தில் விழுந்தால் தங்கள் குரலே எதிரொலியாகத் திரும்பிவந்து அவர்களைக் குழப்பும்.

நிரலில் இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். தம்புராவின் இடையறாத சுருதியை அது மின்விசிறிச் சத்தமாக நினைத்துத் துடைத்துவிடக்கூடும். லோட்-மாட்யூல் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். "அன்லோட்-மாட்யூல்" கட்டளையில் அந்த எண்ணைக் கொடுத்தால் வாய்க்கால் அடைபடும். கணினியை மறுபடி தொடக்கினால் எல்லாமே கலைந்துவிடும் என்பதால், கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தட்டோன்): பழைய குறிப்பு ஒன்றில் பிஏசிஎம்டி என்ற கட்டளை இருந்தது. வழங்கி ஓடவில்லை என்று பிழை தருகிறது. ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறதே?

பதில்: அது பல்ஸ்ஆடியோவுக்கு மட்டுமே உரியது, பைப்வயர் அதை ஏற்பதில்லை. குறிப்பிலுள்ள வேலைகளில் பெரும்பாலானவற்றைப் பிஏசிடிஎல் செய்யும்.

கேள்வி (பெகு): புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு நன்றாக இருக்கிறது, அழைப்பில் பேசத் தொடங்கியதும் பழைய தொலைபேசி போல ஆகிவிடுகிறது.

பதில்: மைக் திறந்தவுடன், பாட்டு கேட்பதற்கான ஏ2டிபி புரொஃபைலிலிருந்து, பேசுவதற்கான ஹெட்செட் புரொஃபைலுக்கு அது மாறுகிறது, அதில் ஒலியின் மாதிரி வீதம் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் என்ற அளவில் நிற்கும். செட்-கார்ட்-புரொஃபைல் கொண்டு ஏ2டிபியிலேயே நிறுத்தி, பேசுவதற்குக் கணினியின் மைக்கைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (மோல்மேன்): சிங்க் சரி, அளவு 100, மியூட் இல்லை. ஆனாலும் மௌனம்.

பதில்: வழங்கிக்குக் கீழே இறங்க வேண்டியதுதான். "ஆல்சாமிக்சர்" என்று இட்டு, எஃப்6 அழுத்தி ஒலி அட்டையைத் தேர்ந்தெடுங்கள். ஏதேனும் ஒரு தூணின் அடியில் எம்எம் என்று இருந்தால் அது மூடிக்கிடக்கிறது. எம் விசையை அழுத்தித் திறக்கலாம். ஆட்டோ-மியூட் மோட் என்பதையும் பாருங்கள். ஹெட்போன் துளையில் எதுவோ செருகியிருப்பதாகக் கணினி எண்ணிக்கொண்டால், அது ஸ்பீக்கரை அடைத்துவிடும். துளை துருப்பிடித்த பழைய இயந்திரங்களில், அதிலும் நம் மழைக்கால ஈரத்தில், இப்படி நடப்பதுண்டு. சரிசெய்ததும் சூடோவுடன் "ஆல்சாசிடிஎல் ஸ்டோர்" என்று இட்டு நிலைப்படுத்துங்கள்.

கேள்வி (யாங்கோன்): பாட்டின் நடுவே பொரிவது போலச் சத்தம் வருகிறது. கணினி மிகவும் பழையது.

பதில்: பைப்வயரின் "பிடபிள்யூ-டாப்" என்ற கட்டளையில் இஆர்ஆர் என்ற பத்தியைக் கவனியுங்கள். பொரியும்போதெல்லாம் அந்த எண் ஏறினால், கணினியால் ஒலியைக் குறித்த நேரத்துக்குள் நிரப்ப முடியவில்லை என்று பொருள். பைப்வயர் வழக்கமாக 1024 மாதிரிகள் கொண்ட தவணைகளில் வேலை செய்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் அது 21 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். "பிடபிள்யூ-மெட்டாடேட்டா -என் செட்டிங்ஸ் 0 கிளாக்.ஃபோர்ஸ்-குவான்டம் 2048" என்று இட்டால் தவணை இரட்டிப்பாகும், பாட்டு ஒலிபரப்புக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே அன்று. மைக்கில் நேரலையாகப் பேசும் நாளில் 2048க்குப் பதில் 0 என்று இட்டுப் பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.