எத்தனை தோட்டா பாய்ந்தாலும் விழாத எதிரிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ‘புல்லட் ஸ்பாஞ்ச்’ என்று எந்த எதிரியைச் சொல்லலாம்? இத்தனை தோட்டாக்களுக்கு மேல் என்று கணக்கு ஏதும் உண்டா?

பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோலத் தோட்டாக்களை உறிஞ்சிக்கொண்டு நிற்பவன் என்பது அந்தப் பெயரின் பொருள். எண்ணிக்கையில் வரம்பு எதுவும் இல்லை. கேம் வடிவமைப்பாளர்கள் தோட்டாவை எண்ணுவதைவிட, முதல் தோட்டா பட்டதிலிருந்து எதிரி விழும்வரை ஆகும் நேரத்தையே கணக்கில் கொள்வார்கள். உங்கள் துப்பாக்கி நிமிடத்துக்கு 600 தோட்டா சுடுகிறது, ஒவ்வொன்றும் 30 புள்ளி சேதம் விளைவிக்கிறது, எதிரிக்கு 900 உயிர்ப்புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுகூடக் குறி தவறாவிட்டால் 30 தோட்டாக்களில், மூன்று வினாடிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில், ஒரே மேகசினோடு (துப்பாக்கியில் செருகும் தோட்டா உறை; இங்கே 30 தோட்டா கொள்வது என்று வைத்துக்கொள்வோம்) வேலை முடிந்துவிடும். பாதிதான் படுகிறது என்றால் 60 தோட்டாக்கள் தேவைப்படும், நடுவில் ஒருமுறை ரீலோட் செய்ய வேண்டியிருக்கும், அதற்கு எங்காவது மறைந்துகொள்ளவும் வேண்டும். தாளில் மூன்று வினாடியாக இருந்த சண்டை ஆடும்போது பத்து வினாடியாகிவிடுகிறது. பத்து வினாடி ஆனது என்பதற்காக மட்டும் நான் அந்த எதிரியைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பதாவது தோட்டா பட்டபோதும் அவன் முதல் தோட்டாவுக்குச் செய்ததையே செய்துகொண்டிருந்து, நீங்களும் அதே இடத்தில் நின்று அதே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால், அப்போது அந்தப் பெயர் பொருந்தும்.

கேள்வி: ‘தி டிவிஷன்’ விளையாட்டில் சாதாரண மேலங்கி அணிந்த ஒருவன் தலையில் அத்தனை தோட்டாக்களை வாங்கிக்கொண்டும் ஓடுகிறான். இதை ஏன் அப்படி அமைத்தார்கள்?

2016-ல் அந்த விளையாட்டு வெளிவந்தபோது பரவலாக எழுந்த குறைகளுள் இதுவும் ஒன்று. வெளித்தோற்றத்தில் அது நவீனத் துப்பாக்கிச் சண்டை. உள்ளே ஓடுவதோ பாத்திர வளர்ச்சி விளையாட்டுகளின் கணக்கு. மேலும் மேலும் வலிய துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்பதுதான் அதில் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் ஊக்கம். துப்பாக்கியின் எண் ஏறும்போதெல்லாம் எதிரியின் உயிர்ப்புள்ளியும் ஏறாவிட்டால் அந்த ஊக்கம் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இதே கணக்கை ஒரு டிராகனிடம் வைத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டோம், ஏனெனில் டிராகன் எத்தனை அடி தாங்கும் என்பது குறித்து நம் மனத்தில் முன்முடிவு எதுவும் இல்லை. நியூயார்க் தெருவில் நிற்கும் மனிதனைப் பற்றியோ நம் கண்ணுக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. அங்கேதான் கண்ணும் கணக்கும் முட்டிக்கொள்கின்றன. 2019-ல் வந்த இரண்டாம் பாகத்தில், கனமான எதிரிகள் கண்ணுக்குத் தெரியும் கவசத் தகடுகளோடு வருகிறார்கள். ஓரிடத்தையே தொடர்ந்து சுட்டால் அந்தத் தகடு உடைந்து விழுந்து, அடியிலுள்ள உடல் வெளிப்படுகிறது. தோட்டா கணிசமாகவே செலவானாலும், எதற்காகச் செலவாகிறது என்பது இப்போது தெரிகிறது.

கேள்வி: கடினநிலையைக் கூட்டினால் எதிரியின் உயிரும் கூடிவிடுகிறது. வேறு வழியே இல்லையா?

வழிகள் உண்டு, ஆனால் இது மலிவான வழி. ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் பெருக்கினால் போதும். ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் 2013-ல் சேர்க்கப்பட்ட ‘லெஜண்டரி’ நிலையில் நீங்கள் விளைவிக்கும் சேதம் நான்கில் ஒரு பங்காகவும், நீங்கள் வாங்கும் சேதம் மூன்று மடங்காகவும் ஆகிறது. ஐந்து அம்பில் விழுந்த ஓநாய்க்கு இருபது அம்பு வேண்டும். ஓநாய் என்னவோ அதே ஓநாய்தான், புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

இதற்கு நேர்மாறான முன்மாதிரி 1993-லேயே இருந்தது. ‘டூம்’ விளையாட்டின் எந்தக் கடினநிலையிலும் அரக்கர்களின் உயிர்ப்புள்ளி மாறுவதில்லை: ‘இம்ப்’ எப்போதும் 60, ‘பேரன் ஆஃப் ஹெல்’ எப்போதும் 1000, ‘சைபர்டீமன்’ எப்போதும் 4000. கடினம் கூடும்போது அரக்கர்களின் எண்ணிக்கை கூடும். உச்சமான ‘நைட்மேர்’ நிலையில் அவர்கள் வேகமாகத் தாக்குவார்கள், செத்தவர்கள் சிறிது நேரத்தில் எழுந்தும் வருவார்கள். அந்தப் பேரனைச் சாய்க்க, ஷாட்கன்னை ஒருமுறை சுட்டால் சிதறும் ஏழு சில்லுகளும் ஒவ்வொரு முறையும் பட்டால்கூடச் சராசரியாகப் பதினைந்து முறை சுட வேண்டும். எண்ணிப் பார்த்தால் அதுவும் பஞ்சுதான். ஆனால் அவன் எறியும் பச்சை நெருப்புக்கு விலகி ஆடிக்கொண்டே சுடுவதால், பதினைந்து என்பது பலருக்கு நினைவிலேயே நிற்பதில்லை.

இருபக்கமும் கூர்மையாக்குவது மூன்றாவது வழி. ‘மெட்ரோ 2033’ விளையாட்டின் ‘ரேஞ்சர்’ நிலையில் எதிரியும் சீக்கிரம் விழுவான், நீங்களும் சீக்கிரம் விழுவீர்கள், தோட்டாவும் அரிதாகவே கிடைக்கும். என்னைக் கேட்டால், மனிதர்களைச் சுடும் விளையாட்டுகள் அனைத்திலும் இப்படி ஒரு நிலை இருக்க வேண்டும் என்பேன்.

கேள்வி: அப்படியானால் எல்லா எதிரிகளும் ஓரிரு தோட்டாக்களில் விழுவதுதான் சிறந்ததா?

இல்லை. 2002-ஆம் ஆண்டு நடந்த கேம் உருவாக்குநர் மாநாட்டில், ‘ஹேலோ’ விளையாட்டை உருவாக்கிய பஞ்சி நிறுவனத்தார் தங்கள் சோதனை அனுபவம் ஒன்றைப் பகிர்ந்துகொண்டார்கள். எதிரிகளின் அறிவுக்கான நிரலைத் தொடாமல் அவர்களின் தாங்கும் திறனை மட்டும் கூட்டியபோது, சோதித்தவர்களில் கூடுதலானோர் அந்த எதிரிகளைப் புத்திசாலிகள் என்று மதிப்பிட்டார்களாம். காரணம் எளிது: பதுங்குவது, பக்கவாட்டில் சுற்றி வருவது, குண்டு வீசுவது என்று என்னதான் சொல்லிக்கொடுத்திருந்தாலும், அரை வினாடியில் செத்துப்போகும் எதிரிக்கு அதைக் காட்ட நேரமில்லை.

முழுக்கவே தோட்டா ஏறாத எதிரியும் சுவையாக அமையலாம். 2006-ல் வந்த ‘கியர்ஸ் ஆஃப் வார்’ விளையாட்டின் ‘பெர்சர்க்கர்’ உடலில் துப்பாக்கி எதுவும் வேலை செய்யாது. கண் தெரியாத அந்த ராட்சசியை ஓசையால் ஈர்த்து, அவளையே கதவுகளை மோதி உடைக்கச் செய்து, திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, வானத்திலிருந்து இறங்கும் கற்றையால் தாக்க வேண்டும். தோட்டா பயன்படாது என்பது தொடக்கத்திலேயே புரிந்துவிடுவதால் யாருக்கும் எரிச்சல் வருவதில்லை.

கேள்வி: ஒரு பாஸை, அதாவது பெரிய முதன்மை எதிரியை, அரைமணி நேரமாகச் சுடுகிறேன், அவன் உயிரைக் காட்டும் ஹெல்த் பார் அசையவே இல்லை. நான் என்ன தவறு செய்கிறேன்?

தவறு உங்களுடையதாகவும் இருக்கலாம், விளையாட்டினுடையதாகவும் இருக்கலாம். முதலில் உங்கள் பக்கத்தைச் சரிபாருங்கள். நிலை எண் காட்டும் விளையாட்டானால் எதிரியின் எண்ணையும் உங்கள் எண்ணையும் ஒப்பிடுங்கள். பல விளையாட்டுகளில் சில நிலைகள் கீழே இருந்தாலே உங்கள் சேதம் பெருமளவு வெட்டப்படும். அடுத்து, தூரம்: ஷாட்கன்னைத் தொலைவிலிருந்து சுடுவது தோட்டாவைத் தரையில் கொட்டுவதற்குச் சமம். பிறகு, எங்கே சுடுகிறீர்கள் என்பது. ‘டெட் ஸ்பேஸ்’ விளையாட்டில் மார்பைக் குறிவைப்பவருக்கு எல்லா எதிரியும் பஞ்சாகத்தான் தெரிவான். அதிலுள்ள ‘பிளாஸ்மா கட்டர்’ என்ற ஆயுதத்தின் வாயைக் கிடையாகவும் செங்குத்தாகவும் திருப்பிக் கை கால்களை அறுக்கத் தெரிந்தவருக்கு அதே எதிரி சில குண்டுகளில் முடிவான். ‘பார்டர்லேண்ட்ஸ் 2’ விளையாட்டின் கடைசிக் கடினநிலையில் எதிரிகளின் உயிர் நான்கு மடங்காகிறது. ஊதா நிறச் ‘ஸ்லாக்’கை முதலில் எதிரிமேல் பூசினால் அடுத்த ஆயுதத்தின் சேதம் மூன்று மடங்காகிறது. இந்த இரண்டாம் பாதியை அறியாமல் முதல் பாதியோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறையப் பேர்.

இவை அனைத்தையும் பார்த்த பிறகும் ஹெல்த் பார் அசையவில்லையென்றால் கடினநிலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: நீங்கள் அறிந்ததில் மிக அதிக உயிர்ப்புள்ளி கொண்ட எதிரி யார்?

2006-ல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 12’ விளையாட்டின் ‘யாஸ்மட்’ உடனே நினைவுக்கு வருகிறது: ஐந்து கோடிக்கும் மேல். முதல் வெளியீட்டில் ஓர் அடியின் சேதம் 9,999-ஐத் தாண்டாது என்பதால், ஒவ்வோர் அடியும் உச்சமாக விழுந்தாலும் ஐயாயிரம் அடிக்கு மேல் வேண்டும். நடுவே வெளியேறிச் சேமித்துவிட்டுத் திரும்பிச் சண்டையைத் தொடரலாம் என்பது மட்டுமே ஆறுதல்.

கேள்வி: சிறிய சுடும் விளையாட்டு ஒன்றைத் தனியாக உருவாக்கிவருகிறேன். எதிரிகளின் உயிர்ப்புள்ளியை எப்படி முடிவு செய்வது?

உயிர்ப்புள்ளியிலிருந்து தொடங்காதீர்கள், வினாடியிலிருந்து தொடங்குங்கள். சாதாரணக் காவலன் இரண்டு வினாடி, கவசக்காரன் எட்டு வினாடி என்று முதலில் எழுதிவையுங்கள். பிறகு அந்தக் கட்டத்தில் ஆட்டக்காரரின் கையில் இருக்கக்கூடிய துப்பாக்கியை எடுத்து, பாதித் தோட்டாக்கள் தவறும் என்று வைத்து, உயிர்ப்புள்ளியைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். உங்கள் சொந்தக் குறியை அளவுகோலாக வைக்க வேண்டாம். தன் விளையாட்டை ஆயிரம் முறை ஆடியவரின் தோட்டா தவறுவதில்லை.

எட்டு வினாடி தாங்கும் எதிரிக்கு அந்த எட்டு வினாடியையும் பிரித்துக்கொடுங்கள். மூன்றில் ஒரு பங்கு உயிர் போனதும் தலைக்கவசம் கழன்று தெறிக்கட்டும். அடுத்த பங்கு போனதும் கால் இழுத்து நடக்கட்டும், பெரிய துப்பாக்கியை எறிந்துவிட்டுக் கைத்துப்பாக்கியை உருவட்டும். கவசத்தில் பட்டால் ஒரு ஒலி, உடலில் பட்டால் வேறு ஒலி என்பதையும் விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே ஒலியாக இருந்தால், பலவீனமான இடத்தை ஆட்டக்காரர் தற்செயலாகச் சுட்டாலும் கண்டுகொள்ள மாட்டார்.

நான் வேலை செய்த குழு ஒன்றில், அட்டவணையில் 450 என்று இருக்க வேண்டிய காவலனின் உயிர்ப்புள்ளி ஒரு சுழியம் கூடி 4500 ஆகிவிட்டது. சோதித்தவர்கள் யாரும் அதைப் பிழை என்று எழுதவில்லை; இந்தப் பகுதி கடினமாக இருக்கிறது என்றே இரண்டு நாள் எழுதிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் அதைப் பாராட்டவும் செய்தார். அறையிலிருந்த தோட்டாப் பெட்டிகள் அனைத்தும் தீர்ந்து ஆட்டம் முட்டி நின்றபோதுதான் எங்களுக்கே தெரியவந்தது. அன்று முதல் எங்கள் அட்டவணையில் உயிர்ப்புள்ளிக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு நிரல்கள் இருக்கின்றன: எத்தனை வினாடி, எத்தனை மேகசின். ஒரு சாதாரணக் காவலனுக்கு இரண்டு மேகசினுக்கு மேல் போனால் அந்தக் கட்டம் தானாகச் சிவப்பாகிவிடும்.