அழாத குழந்தை

அன்புள்ள அக்கா,

வெள்ளம் வந்து மூன்று மாதமாகிறது. நாங்கள் தப்பினோம், பக்கத்து வீட்டில் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஆறு வயது மகன் மறுபடி படுக்கையை நனைக்கிறான். பொம்மைகளைத் தண்ணீரில் அமுக்கி 'எல்லாரும் செத்துட்டாங்க' என்று விளையாடுகிறான். தடுக்கலாமா? நல்லவேளை, பத்து வயது மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவள்தான் எங்களுக்கே தைரியம்.

அன்புள்ள தம்பி,

அவனைத் தடுக்காதீர்கள், திட்டாதீர்கள். வாயால் சொல்லத் தெரியாததைப் பொம்மையை வைத்துச் சொல்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படகை நீட்டுங்கள், சேர்த்துக்கொள்கிறானா பாருங்கள். மூன்று மாதமாகிவிட்டதால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சரி, அது அவ்வளவுதான்.

என்னைத் தூங்கவிடாதது உங்கள் கடைசி வரி. 'நல்லவேளை' என்று எழுத எப்படி மனம் வந்தது? அதே இரவில் அதே தண்ணீரைத்தானே அவளும் பார்த்தாள்?

எனக்கு ஒன்பது வயதில் புயல் வந்தது. முந்தின நாள்தான், கணக்குப் பரீட்சை நடக்கக் கூடாது, பெரிய மழை வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வந்தது. வீட்டுக்கூரை போனது, என்னோடு படித்த இருவர் போனார்கள். நான்தான் வரவழைத்தேன் என்று நம்பினேன், சொன்னால் அம்மா தாங்கமாட்டாள் என்று பேசாமல் தண்ணீர் சுமந்தேன், தம்பிக்குத் தலை வாரினேன். 'எவ்வளவு பொறுப்பான பெண்' என்று ஊரே சொல்லச் சொல்ல வாய் இன்னும் இறுகிப்போனது. முப்பது வயதுக்கு மேல்தான் அம்மாவிடம் சொன்னேன். 'இதை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் இருந்தாய்?' என்றாள்.

1966 அக்டோபரில் வேல்ஸில் அபர்வான் என்ற சுரங்க ஊரில் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். பிழைத்த பிள்ளைகள் வெகுநாள் தெருவில் விளையாடவில்லை, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பார்த்தால் தாங்கமாட்டார்களே என்று. பெரியவர்கள் முகத்தைப் பார்த்துத் தாங்களாகவே அடங்கிப்போன குழந்தைகள் அவர்கள்.

உங்கள் மகளும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 'நீதான் எங்களுக்குத் தைரியம்' என்று இனி ஒருமுறைகூடச் சொல்லாதீர்கள். பத்து வயதுத் தோளில் இரண்டு பெரியவர்களை ஏற்றிவைத்திருக்கிறீர்கள்! அதற்காக உட்காரவைத்து அந்த இரவைப் பற்றித் துருவிக் கேட்கவும் வேண்டாம். ஏதாவது வேலையாக இருக்கும்போது, எனக்கும் அன்று பயமாக இருந்தது என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். பேசாவிட்டால் விடுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி சொல்லுங்கள். நீ நினைத்ததாலோ செய்ததாலோ எதுவும் நடக்கவில்லை என்று அவள் கேட்காமலே சொல்லுங்கள். அப்புறம், மருத்துவரிடம் போகும்போது அவளையும் கூட்டிப்போங்கள், தம்பிக்குத் துணையாக இல்லை, அவளுக்காக.