தூர் பிரித்து நடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூன்று வருஷத்து ஜெர்பெரா. தூர் பெருத்து, பூ சிறுத்துவிட்டது. போனமுறை பிரித்து நட்டவை எல்லாம் அழுகிவிட்டன. ஏன்?

ஆழமாக நட்டிருப்பீர்கள். இலைகள் கிளம்பும் குருத்துப் பகுதி மண்ணில் புதைந்தால் ஈரம் தேங்கி அழுகல் நோய் பிடிக்கும். இலை வாடும், இழுத்தால் அடி கறுத்துக் கையோடு வந்துவிடும்.

முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் காலையில் தூரை மண்ணோடு தோண்டுங்கள். வாளித் தண்ணீரில் அலசினால்தான் எந்தக் குருத்து எங்கே பிரிகிறது என்று தெரியும். கையால் பிரிகிற வரை பிரித்து, மிச்சத்தைக் கூரான கத்தியால் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு குருத்தும் அதற்கென்று வேரும் இருக்க வேண்டும். வேரில்லாத குருத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரே தூரில் பத்துக் கன்று எடுக்கும் ஆசையில்தான் பாதி வீணாகிறது. நாலைந்து தேறினால் போதும்.

நீள வேர்களை 10 செ.மீ. அளவுக்குக் கத்தரியுங்கள். முதிர்ந்த இலைகளைக் கிள்ளி, நடுவில் மூன்று நான்கு இளம் இலைகளை மட்டும் விடுங்கள். லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு (பூஞ்சைக்கொல்லி மருந்து) கரைத்த தண்ணீரில் 10 நிமிடம் முக்கி எடுத்து, செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் சமபங்கு கலந்த தொட்டியில் நடுங்கள். குருத்து மண்மட்டத்துக்கு ஒரு செ.மீ. மேலே நிற்கட்டும். செடி லேசாக ஆடும். மண் அணைக்கக் கை துறுதுறுக்கும். அணைக்காதீர்கள். இரண்டு வாரம் நிழல், புது இலை விட்ட பிறகு உரம்.

கல்வாழையை எப்போது பிரிப்பது? கிழங்கை எவ்வளவு சிறிதாக வெட்டலாம்?

ஆடி, ஆவணி நல்லது. சித்திரை வெயிலும் ஐப்பசி அடைமழையும் வேண்டாம். துண்டுக்கு இரண்டு மூன்று முளைக்கண் இருக்கட்டும். வெட்டுவாய் ஒருநாள் நிழலில் உலர்ந்ததும் 8 முதல் 10 செ.மீ. ஆழத்தில், 45 செ.மீ. இடைவெளியில் நடுங்கள்.

பக்கத்து வீட்டில் ஓசியாகக் கிடைக்கிற கிழங்கு என்றால் முதலில் தாய்ச்செடியின் இலையைப் பாருங்கள். நரம்போடு விட்டுவிட்டு மஞ்சள் கோடும் திட்டும் தெரிந்தால் வைரஸ். இயல்பாகவே மஞ்சள் வரி உள்ள ரகம் வேறு. அதில் வரி இலை முழுக்கச் சீராக ஓடும். வைரஸ் கிழங்கு வழியே எல்லாத் துண்டுக்கும் போகும், மருந்தும் கிடையாது. அந்தத் தூரைப் பிரிக்காமல் கிழங்கோடு தோண்டி அப்புறப்படுத்துங்கள்.

மஞ்சள் ஓர ஸ்நேக் பிளான்ட் இலையை நறுக்கி நட்டேன். கன்று வெறும் பச்சையாக வந்திருக்கிறதே?

இலைத்துண்டிலிருந்து அப்படித்தான் வரும். மஞ்சள் ஓரம் வேண்டுமென்றால் மண்ணுக்குள் ஓடும் கிழங்கோடு சேர்த்துக் கன்றைப் பிரித்து நட வேண்டும்.

செம்பருத்தியைத் தூர் பிரிக்கலாமா?

முடியாது, அது ஒரே அடித்தண்டுச் செடி. பென்சில் தடிமனில் குச்சி வெட்டி நடுங்கள்.

ஹெலிகோனியா பிரித்து நட்டு எட்டு மாதம். தண்டு பச்சையாக நிற்கிறது, பூ மட்டும் இல்லை.

பூத்து முடிந்த தண்டை நட்டிருக்க வாய்ப்பு அதிகம். வாழை குலை தள்ளுவது போல இதிலும் ஒரு தண்டு ஒருமுறைதான் பூக்கும். இனி பக்கக் கன்று வளர்ந்துதான் பூக்க வேண்டும். பழைய தண்டு காயத் தொடங்கியதும் தரையோடு வெட்டுங்கள், கிழங்கைக் கிளறாதீர்கள். அடுத்த முறை பிரிக்கும்போது, பூக்காத தண்டு ஒன்றும் பக்கத்தில் முளையும் உள்ள கிழங்காகப் பார்த்து எடுங்கள்.